தேங்காய் எழுந்து நின்ற இடம்

செம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டப்போகும் இளம் பொறியாளர், ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க ஒருவரை அழைத்து வந்திருந்தார். நிலத்தடி நீரை ஆராய முறைப்படி எப்படி விண்ணப்பிப்பது என்று நான் முழுவதும் விளக்கினேன். "ஓகே சார்" என்றார். வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடக்கத் தொடங்கினார். ஈர நாரின் வாசனை என்னைச் சிறுவனாக்கிவிட்டது.

அன்று எங்கள் மனையில், ஏரியின் சேற்று மணம் வீசிய காலையில், தேங்காய் எழுந்து நின்றது. அது அம்மா சமையலறைக்கென்று ஆசையாகக் குறித்து வைத்திருந்த இடம்.

"இங்க தோண்டு சார், தண்ணி பிச்சிக்கினு வரும்" என்றார் நீரோட்டக்காரர். அப்பா கும்பிட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அண்ணா, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு தரம் நடங்களேன்."

நடந்தார். இம்முறை தேங்காய் தென்மூலையில் நின்றது.

"பாத்தியா, ரெண்டு எடத்துல தண்ணி!" என்று அப்பா பூரித்தார்.

"ரொம்ப நல்லதுங்க. அப்ப மூலையிலயே கிணறு வெட்டிக்கலாம்" என்றாள் அம்மா.

ஏரிக்கரையில் எங்கு வெட்டினாலும் ஊறும் நீர் அங்கும் ஊறியது. நீரோட்டக்காரரின் கைராசியை அப்பா தெரு முழுக்கப் பரப்பினார். அம்மா மறுக்கவில்லை, அவளுக்குச் சமையலறை கிடைத்துவிட்டது.

இதோ, பக்கத்து மனையிலும் தேங்காய் நின்றுவிட்டது. பொறியாளர் பரவசமாகக் கைபேசியில் படமெடுக்கிறார். அவர் மனைவி வீட்டு வரைபடத்தை விரித்துக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறாள்.

"ஒரு நிமிஷம்ணா, அங்கதான் என்னோட ஆபீஸ் ரூம் வருது."