இரட்டை நூல் பட்டமும் ஒரு சாண் முடிச்சும்

பட்டக்கடைக்காரன் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறவன். எனக்கோ பக்கத்துக் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே வலித்தது. எண்பதுகளின் கடைசியில், ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலை முனையில் எனக்கு அடுத்தாற்போல் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்றவர் அண்ணாமலை. பக்கத்தில் கூட்டம் அலைமோத, தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு, முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், போய்ப் படுத்துத் தூங்கலாம்.

நானே கை காட்டினேன்

அப்பா காலத்திலேயே நாங்கள் சேலத்திலிருந்து மலைக்கு வந்துவிட்டோம். மூங்கில் சீவி, காகிதம் ஒட்டி, நூலில் மாஞ்சா தடவுவது வரை எல்லாம் என் கை வேலை. பட்டக்கார பாய் என்றால் மலையில் தெரியாதவர் கிடையாது. கோடை விழா தொடங்குகிற அன்று ஏரிக்கரையில் முதல் பட்டம் ஏற்றுகிறவன் வருஷா வருஷம் நான்தான். அதைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்வதே இல்லை என்று எல்லோரிடமும் சொல்வேன்.

ஒரு நாள், எஸ்டேட் விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு நூல் கட்டிய நைலான் பட்டம் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். கைக்கு ஒரு நூல். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் பாயும், இடது கையை இழுத்தால் இடப்பக்கம் பாயும். வானத்தில் எட்டு போட்டது, குட்டிக்கரணம் அடித்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. அவர் முதலில் என்னிடம்தான் ஓடி வந்து மரத்தைக் காட்டினார். எனக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். அண்ணாமலை பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்துக்காரர், மிளகு பறிக்க அந்த மாதிரி மரங்களில் ஏறி இறங்கிப் பழகியவர். அவரைக் கை காட்டிவிட்டேன்.

அவர் ஏறி, ஒரு கிழிசல் இல்லாமல் பட்டத்தை இறக்கிக் கொடுத்தார். வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது அதை அண்ணாமலைக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அண்ணாமலை நேரே என் கடைக்கு வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க கை காட்டலீன்னா எனக்கு இது கெடைச்சிருக்குமாங்க பாய்? நொம்பப் புண்ணியமுங்க."

இன்னொரு நூல் எங்கே?

முதல் ஒரு மாதம் எனக்கு நல்ல காலம். பட்டம் ஏறும், இரண்டு சுற்று சுற்றும், மூக்கால் தரையைக் குத்தும். அது குத்துகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு டீ இன்னும் கொஞ்சம் இனித்தது. மூன்று தடவை வலப்பக்கம் சுற்றினால் இரண்டு நூலும் முறுக்கிக்கொள்ளும், பிறகு இடப்பக்கம் மூன்று தடவை சுற்றி முறுக்கை எடுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்குப் பத்து நாள் ஆனது. எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. சொல்லவில்லை.

ஆனால் மனிதர் விடவில்லை. மத்தியானம் சேலத்துப் பக்கமிருந்து மலையேறி வருகிற காற்று சீராக இருக்கும் என்று தெரிந்துகொண்டு, கூடையை மூடிவிட்டு அந்த நேரத்தில் பழகினார். மழைக்கு முன்னால் காற்று முரட்டுத்தனமாக வந்தால் பட்டத்தை நோக்கி நாலு அடி முன்னால் போவார். காற்று செத்தால் பின்னாலேயே நடப்பார். காலையில் பனி மூட்டம் என்றால் தொடவே மாட்டார், துணி நனைந்து கனத்துவிடும். இரண்டாவது மாதம் எட்டு வந்துவிட்டது. மூன்றாவது மாதம் பட்டத்தின் இறக்கை நுனியைத் தரையில் ஊன்றி அப்படியே நிறுத்தினார். பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் போய் நின்றது.

எனக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை. அந்த வாரம் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் வாங்கிய காகிதப் பட்டத்தைப் பத்தே நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் புரட்டிக் காட்டிக் கேட்டார்: "ஏனுங்க, இதுல ஒரு நூலுதான் இருக்குது. இன்னொண்ணு எங்கீங்க?"

மாஞ்சா

நானே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். பழைய குடைத்துணி, மூங்கில் குச்சி. வீட்டுக்குப் பின்னால் பதினைந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. நூல் விஷயத்தில் மட்டும் யோசிக்கவே இல்லை. கண்ணாடித் தூள் தடவி நானே காய்ச்சிய மாஞ்சா நூல். சேலத்துப் போட்டிகளில் ஊர்ப்பட்ட பட்டங்களை அறுத்துத் தள்ளியது. இருப்பதிலேயே உசத்தி அதுதானே? இரண்டு பக்கமும் அதையே கட்டினேன்.

அண்ணாமலை கண்ணெதிரே, நல்ல மத்தியானக் காற்றில் ஏற்றினேன். ஜம்மென்று ஏறியது. கூட்டம் என் பக்கம் திரும்பியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் குட்டிக்கரணத்துக்கு வலது கையை இழுத்தேன். இரண்டு நூலும் ஒன்றோடொன்று முறுக்கி உரசின, உரசிய இடத்தில் இரண்டுமே அறுந்தன. பட்டம் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, நிதானமாக, மலைக்கு அந்தப் பக்கம் போயேவிட்டது. டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு வெளியே வந்து, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரான் பட்டத்தையெல்லாம் அறுத்த மாஞ்சாங்க பாய். அறுக்கறதுக்கு ஆளில்லாம உங்களுதையே அறுத்துப்போட்டுதுங்க."

எலுமிச்சை சாதம்

அண்ணாமலைக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. இது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. தன் பட்டத்தின் இரண்டு பிடியையும் என் கையில் கொடுத்து, நீங்களும் விடுங்க என்றார். காகிதப் பட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: மூக்கு கீழே பார்த்தால் நூலைத் தளர்த்த வேண்டும், அது தானாகத் திரும்பி மேலே பார்க்கும்போது இழுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து என் கையில் ஊறிய வழக்கம் அது. இந்தப் பட்டம் மூக்கைக் கீழே திருப்பியதும் என் இரண்டு கையும் என்னைக் கேட்காமலே தளர்ந்தன. இரட்டை நூலில் தளர்த்தினால் பிடியே போய்விடும். பட்டம் நேரே இறங்கி, புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தின் எலுமிச்சை சாதத்தில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா என் மனைவி ஜமீலா எனக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்? எல்லாவற்றையும் பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணாமலை மறுபடி பட்டம் ஏற்றி இரண்டு எட்டு போட்டு முடிக்கிற வரைக்கும் நின்று ரசித்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் உடறப்ப எத்தனை அழகா இருக்குதுங்க. நீங்க அதை வேடிக்கை பாக்கறதோட நிறுத்திக்கக் கூடாதுங்களா?"

ஒரு சாண்

அந்த வருஷம் கோடை விழாக்காரர்கள் என் கடைக்கு வந்து, அண்ணாமலையின் வீடு எங்கே என்று விசாரித்தார்கள். முதல் பட்டம் இந்தத் தடவை இரட்டை நூல் பட்டமாம். நானும் கட்டாயம் வந்து பார்க்க வேண்டுமாம். வழி சொல்லி அனுப்பினேன். மறுபடியும் நானே கை காட்டினேன்.

விழாவுக்கு முந்தின நாள் அண்ணாமலை பட்டத்தோடு என்னிடம் வந்தார். நூல் நைந்துவிட்டது, மாற்றிக் கட்டிக் கொடுங்கள் என்றார். நல்ல நூலாகவே எடுத்தேன், இரண்டையும் சமமாகவே அளந்தேன். கட்டுகிற நேரத்தில் புத்தி கோணிவிட்டது. வலது நூலைப் பட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இரண்டு முனையையும் ஒரு முடிச்சில் சேர்த்துவிட்டேன். அப்பா சொல்லிக் கொடுத்த தட்டை முடிச்சு. ஒரு பக்கம் குட்டையானால் பட்டம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய் ஏரியில் விழும். ஒரே ஒரு தடவை விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஏரிக்கரையில் நல்ல கூட்டம். ஒரு தடவை ஏற்றிச் சரிபார்த்துக்கொள்ளலாமே என்று விழாக்காரர் ஒருவர் கேட்டார். "பாய் கட்டுனதுங்க. அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் அண்ணாமலை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பட்டம் ஏறியதும் வலப்பக்கம் சாய்ந்தது. ஏரிக்காற்றும் ஓர் இடத்தில் நிற்காமல் சுழன்றது. பட்டம் தண்ணீரை நோக்கிச் சரிய, கூட்டம் ஐயோ என்றது. அண்ணாமலை ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வலது கையை முன்னால் முழுக்க நீட்டி, இடது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பட்டம் நிமிர்ந்துவிட்டது. கையை நீட்டியது நீட்டியபடியே எட்டு போட்டார். காற்று செத்தபோது பின்னால் நடந்தார், கூட்டம் வழிவிட்டது. கடைசியில் இறக்கை நுனியைக் கரையில் ஊன்றி நிறுத்தினார். அந்தக் கை நீட்டலையும் ஒரு வித்தை என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கை தட்டினார்கள். அப்புறம் ஒரு வாரம் மலையில் பிள்ளைகளெல்லாம், கையில் பட்டம் இருக்கிறதோ இல்லையோ, வலது கையை நீட்டிக்கொண்டுதான் ஓடினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாமலை நூலைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். முடிச்சிருந்த இடத்தை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "கையில தடவுனாக்கூடத் தட்டுப்படலீங்க பாய். இப்படியொரு முடிச்சுப் போடறதுக்கு இந்த மலையில உங்களை உட்டா ஆருங்க இருக்கறாங்க?"

என் கை வேலைக்கு நான் வாங்கியதிலேயே பெரிய பாராட்டு அதுதான், ஆனால் அதை மட்டும் எவரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள முடியவில்லை.