கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா

மார்பிலிருந்த கட்டியை எடுப்பதற்காக வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். துணைக்கு என் நாத்தனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் வார்டில் காலைதோறும் நர்ஸ் வந்து, கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கட்டு மாற்றுவாள். மாற்றி முடிக்கும்வரை ரவிக்கையில்லாமல் உட்கார்ந்திருப்பேன். காயத்தின் வலியைவிட அந்தக் கூச்சம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

ஒருநாள் மருந்து வாங்கக் கீழே போன நாத்தனார் வெறுங்கையோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, கீழ டிவில நம்ம வார்டு தெரியுது. பக்கத்துக் கட்டில்ல கட்டு மாத்துனாங்க இல்ல, அதுவும் தெரிஞ்சுது. ஆம்பளைங்க நின்னுக்கினு இருக்காங்க."

நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் கேமரா. திரைச்சீலை சுற்றிலும்தான் மறைத்தது. மேலே ஒன்றுமே இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் பெரிய டிவி. அதில் கசங்கிய போர்வையோடு என் கட்டில். சங்கராபுரத்துப் பெரியவர் ஒருவர் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் எங்கள் வார்டில்தான் இருந்தார்.

"அவ தூங்கறாளா, முழிச்சிக்கினு இருக்காளான்னு இதுலதான் பாத்துக்குவேன்," என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான், மற்ற பெண்களும் அதில் தெரிவது அவருக்கு உறைத்தது. எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

மேனேஜரைக் கேட்டேன்.

"பாதுகாப்புக்குதாம்மா. போன் திருடு போவுது. மலையிலேர்ந்து வர்றவங்களுக்கு இதெல்லாம் புதுசு, போகப் போகப் பழகிடும்."

"எங்களுக்கும் கேமரா தெரியுங்க. வாசல்ல வைங்க, படிக்கட்டுல வைங்க, வேணாங்கல. நான் துணி அவுக்கற எடத்துல எந்தத் திருடனப் புடிக்கப் போறீங்க?"

கேமரா மாட்டியவர்கள் வெளியூர், அவர்கள் வந்துதான் கழற்ற வேண்டும் என்றார். அதுவரை காத்திருக்க வேண்டுமாம்.

மேலே வந்தேன். என்னால் கையைத் தூக்க முடியாது. நாத்தனார் ஸ்டூலில் ஏறி என் துண்டைக் கேமராமேல் சுற்றிக் கட்டினாள்.

நர்ஸ் பதறினாள். "அவுத்துடுங்கக்கா, எனக்குத்தான் திட்டு வுழும்."

"நீ உக்காந்து சாப்புடறதையும் அதுதாம்மா பாத்துக்கினு இருக்குது," என்றேன். அவள் மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு நாத்தனாரின் காலடியில் ஆடிய ஸ்டூலைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் காவலாளியோடு வந்தார். காவலாளி ஸ்டூலை நோக்கி நடக்கவும், படுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். பெரியவரின் மனைவி, "கை வெச்சுப் பாரு," என்றாள். அவன் நின்றுவிட்டான்.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அந்த நேரத்தில் வார்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டவர் கீழே போய் டிவியை நின்று பார்த்திருக்கிறார். அன்று மாலையே டிவியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் கேமரா வராந்தாவுக்குப் போனது.

எனக்கு அது போதவில்லை. பதிவானதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "தானா அழிஞ்சிடும்மா," என்றார் மேனேஜர்.

"தானா வேணாம். என் கண்ணு முன்னால அழிங்க."

முணுமுணுத்தபடி அழித்தார். வேறெங்காவது நகல் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. இல்லை என்று அடித்துச் சொன்னார். தையல் பிரிக்க வரும்போது மறுபடியும் கேட்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கேட்கவும் செய்தேன்.