அவள் தோள் பட்ட இடம்

பழைய பிரெஞ்சு ஹார்ப்புகளுக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது என் தொழில். வாடிக்கையாளர் முன்னால் நாக்கு வறண்டு நின்றவர்களுக்கு மிச்சக் கதை விளங்கும்.

பெருமூச்சு

ஹார்ப் எண்டால் ஆள் உயரத்து யாழ். தூணிலும் தோளில் சாயும் மேல்முனையிலும் பூவும் கொடியும் செதுக்கி, சிவப்புக் களிமண் பூசி, அதன்மேல் தங்கத்தை மெல்லிய தாளாக அடித்த ரேக்கு ஒட்டியிருப்பார்கள். தும்மினால் ரேக்கு பறந்துவிடும். அதனால் மொன்றியால் ஜூலை வெக்கையிலும் எங்கள் பட்டறையில் விசிறி இல்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றின வேலையை விட்டு வந்த புதிதில் ஒருநாள் பெருமூச்சு விட்டேன். மூன்று ரேக்கு போச்சு. மரம் செதுக்கும் மன்னார் ஞானம் அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை.

"கவலைப்படுறதெண்டால் வெளியில போய்ப் படும், தம்பி."

வெடிப்பு

போன மாரியில் ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து ஒரு பிரெஞ்சுக்கார அம்மா ஹார்ப் கொண்டுவந்தா. வீட்டு ஹீட்டர் சூட்டில் பலகை வெடித்திருந்தது. வாசித்த மகள் செத்துப்போனாளாம். அடுத்த மாதம் ஒரு வருசமாம். அன்றைக்கு மகளின் சிநேகிதி வாசிக்கப்போகிறாளாம்.

"வெடிப்பை மட்டும் ஒட்டுங்கள். வேறொன்றும் வேண்டாம்."

திவச வேலை

எங்கட மட்டக்களப்பில் 'வேண்டாம்' எண்டால் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு விழும். திவசமெண்டால் படத்துக்குப் புதுச்சட்டம், விளக்குக்குப் புளி போட்ட மினுக்கல். இந்த ஹார்ப்பின் மேல்முனையிலோ தங்கம் தேய்ந்து சிவப்புத் தெரிந்தது. ஐயோ பாவம், பிள்ளையைப் பறிகொடுத்த மனுசி, இப்படியே கொடுப்பதா? நாலு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டு ரேக்கு ஒட்டினேன். தகதகவென்று வந்தது. ஞானம் அண்ணை கிட்ட வந்து பார்த்தார்.

"அந்த மனுசி கேட்டதோ?"

எடுக்க வந்த நாள்

அம்மா வெடிப்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினா. பிறகு கதிரையில் இருந்துகொண்டு ஹார்ப்பைத் தன் தோளில் சாய்த்தா. கை மேல்முனைக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது.

"இங்கேதான் பதினொரு வருசம் அவள் தோள் பட்டது" என்றா.

எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். பஞ்சால் தேய்த்துப் பழையபடி சிவப்புத் தெரிய வைக்கலாம், பட்டறையில் வழக்கமாகச் செய்வதுதான், பத்து நிமிசம் போதும் என்று உளறினேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ ஏசவில்லை. ஹார்ப்பை மெல்ல நிமிர்த்தி உறையைப் போட்டா.

"நீங்கள் தேய்த்தால் அது உங்கள் தேய்வு."

அன்று தொடக்கம் வெடிப்பை ஒட்டச் சொன்னால் வெடிப்பை மட்டும் ஒட்டுகிறேன். பெருமூச்சு வந்தால் வெளியில் போய் விட்டுவிட்டு வருகிறேன்.