பாசுல்த்தோவின் ஒரே ஹோம்ரன்

ஒஸ்மேல் பாசுல்த்தோ எங்கள் ஊர் பேஸ்பால் அணியில் பதினேழு சீசன் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றான். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் செம்மண் துண்டை அவன் பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கலாம். அந்தப் பக்கம் வந்த பந்து தப்பிப் போனதாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. குனிந்து அள்ளுவான், உடம்பைக்கூடத் திருப்பாமல் முதல் தளத்துக்கு எறிவான். ஓடி வருகிறவன் பாதி வழியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுவான். வீணாக ஏன் வியர்க்க வேண்டும்?

மட்டையைக் கையில் கொடுத்தால் மட்டும் ஆளே வேறு. ஆயிரத்து இருநூறு ஆட்டங்களில், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம்ரன் ஒன்றுகூட அடித்ததில்லை. எங்கள் ஊரான பால்மா சேக்காவில் ஹோம்ரன் அடிக்காத ஆள் என்று வேறு யாரையும் காட்ட முடியாது. பல் டாக்டர் அடித்திருக்கிறார். ஒரு கண் தெரியாத தபால்காரர் இரண்டு அடித்திருக்கிறார். கரும்பாலையின் ஆண்டு விழா ஆட்டத்தில் ஆறு மாதக் கர்ப்பத்தோடு டைப்பிஸ்ட் ஒருத்தி அடித்த பந்தை இன்னும் ஆலையின் கூரையிலிருந்து இறக்கவில்லை.

பூங்காவில் பேஸ்பாலுக்காகவே சண்டை போடும் மூலை ஒன்று உண்டு. அங்கே தினமும் காலை பத்து மணிக்கு 'பாசுல்த்தோ விவகாரம்' விசாரணைக்கு வரும். மணிக்கட்டுதான் காரணம் என்பது ஒரு கட்சி. கட்டிலில் மெத்தை சரியில்லை என்பது இன்னொரு கட்சி. பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியர், இவன் மட்டை வீசும் கோணத்தில் பந்து வேலியைத் தாண்டுவது இயற்கைக்கு விரோதம் என்று நான்கு பக்கம் கணக்குப் போட்டு நிரூபித்தார். குறி சொல்லும் கிழவி ஒருத்தி மட்டையைத் தேனில் ஊறவைக்கச் சொன்னாள். ஊறவைத்தான். அன்றைக்கு எறும்புகளோடு களமிறங்கி மூன்று முறை அவுட்டாகித் திரும்பினான்.

அவன் மனைவி தாமாரிஸ் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பாலிகிளினிக்கில் ஊசி போடும் வேலை. சொந்த ஊரில் ஆட்டம் என்றால் மூன்றாம் தளத்துப் பக்கம், வேலியை ஒட்டிய முதல் வரிசையில் இருப்பாள். அவன் மட்டையோடு நடக்கும்போதெல்லாம் பக்கத்திலிருப்பவரிடம், "இன்னைக்குப் பாரேன்" என்பாள். பதினேழு வருஷமாக அந்த இரண்டு வார்த்தைதான். ஒருநாள்கூட அவளுக்குச் சலிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பாசுல்த்தோவின் முப்பத்தேழாவது வயதில் பேஸ்பால் கமிஷனிலிருந்து காகிதம் வந்தது: இந்த சீசனோடு தோழர் பாசுல்த்தோ ஓய்வு பெறுகிறார், அவர் சேவைக்கு நன்றி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். சீசனின் கடைசி ஆட்டமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. விளக்குக்கு மின்சாரம் கிடையாது என்பதால் எங்களுக்கு எப்போதுமே மதியம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தானா கோழி லாரி வரவேண்டும்? ஆறு வாரமாக ரேஷன் கடைப் பக்கம் இறகுகூடத் தென்படவில்லை. தாமாரிஸ் பையோடு ஓடி, "யார் கடைசி?" என்று கேட்டு, நாற்பத்தோராவது ஆளாக நின்றாள்.

"நீ போ. அஞ்சாவது இன்னிங்ஸுக்குள்ள வந்துடறேன்" என்றாள், கூட வந்த பாசுல்த்தோவிடம்.

"கோழி எங்க ஓடிடப் போகுது? வா தாமாரிஸ்."

"கோழி ஓடாது. வரிசையில இருக்கறவங்க வாங்கிட்டு ஓடிடுவாங்க. போ, போய் மட்டையப் பிடி."

ஆட்டம் ஒன்பது பந்துகளோடு ஆரம்பித்தது. இரண்டு பந்து கிணற்றில் விழுந்தன. ஒன்றை நாய் கொண்டுபோய்க் சினை நாய்க்குக் கொடுத்துவிட்டது. அதனிடமிருந்து பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. மூன்று பந்துகளுக்குத் தையல் விட்டது. இரண்டு, ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் ரயில் பெட்டியில் விழுந்து சர்க்கரையாகப் போய்விட்டன. நாலாவது இன்னிங்ஸில் கையிருப்பு ஒரே பந்து. அதற்காக யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் பார்வையாளர் பக்கம் பந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒருமுறை பந்து பட்டு முன்பல் விழுந்த மனிதர், முதலில் பந்தை எறிந்துவிட்டுத்தான் பல்லைத் தேடினார்.

இரண்டு அணியும் இரண்டிரண்டு ரன் எடுத்திருந்தன. எங்கள் பக்கம் இரண்டு பேர் அவுட். எதிரணியில் பந்து வீசியவன் தாய்ரோன், மாகாணத்திலேயே வேகமான கை. பாசுல்த்தோ வருவதைப் பார்த்ததும் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவி முடிவதற்குள் வீசிய பந்துதான் அது.

சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மூவாயிரம் பேரும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தோம். பந்து இடது பக்க வேலியைத் தாண்டி, அதற்குப் பின்னால் மலிவுச் சீட்டுக்காரர்கள் நிற்கும் மேட்டில் விழுந்தது. ஹோம்ரன் அடித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு ஆற அமர ஓடலாம், யாரும் துரத்தமாட்டார்கள். அது பாசுல்த்தோவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சந்தர்ப்பமே வந்ததில்லையே! பேய் துரத்துவதுபோல நான்கு தளத்தையும் சுற்றி ஓடி, கடைசித் தளத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு சறுக்கி விழுந்தான். அம்பயர் செலேஸ்தீனோ குனிந்து அவன் காதில், "எந்திரி தம்பி, உன்னை யாரும் துரத்தல" என்றார்.

கூச்சல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் செலேஸ்தீனோ மேட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பந்து?"

பந்து வரவில்லை.

மேட்டிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "ஃபெர்மின் எடுத்துட்டுப் போயிட்டான், அண்ணே! சைக்கிள்ல!"

ஃபெர்மின் ஆலையில் வெல்டர், தங்கமான மனுஷன். அவன் நினைத்தது இதுதான்: மற்றவன் அடித்த பந்தென்றால் திருப்பிக் கொடுக்கலாம். பாசுல்த்தோ அடித்ததை அவன் பெண்டாட்டியிடம்தான் கொடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையை மூன்று தெரு தள்ளிக் கோழி வரிசைக்குக் கொண்டு போய்விட்டான்.

செலேஸ்தீனோ விதிப் புத்தகத்தைப் பிரித்தார். அரை மணிக்குள் பந்து வரவேண்டும். ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணியின் மூன்று பேரும் அவுட்டானால்தான் ஆட்டம் செல்லும். இல்லாவிட்டால் ஆட்டம் ரத்து. சீசன் முடிந்ததால் மறு ஆட்டமும் கிடையாது.

"ரத்துன்னா?" என்று கேட்டான் பாசுல்த்தோ.

"ரத்துன்னா இன்னைக்கு எதுவுமே நடக்கல. நீ அடிக்கல. நான் வரல. ஞாயித்துக்கிழமையே வரலன்னு வெச்சுக்கோயேன்."

தாய்ரோனின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. பாசுல்த்தோவுக்கே ஹோம்ரன் கொடுத்தவன் என்று சாகிறவரை கேலி கேட்க அவனுக்கு விருப்பமில்லை. தரையில் மண்டியிட்டு, அந்தப் பந்து கடலில் போய் விழ வேண்டும் என்று பகிரங்கமாகவே வேண்டிக்கொண்டான்.

பாசுல்த்தோ ஆணி வைத்த காலணியோடு தெருவில் தடதடவென்று ஓடினான். வரிசையில் தாமாரிஸுக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"பந்தைக் குடு."

"மாட்டேன்."

"குடுக்கலன்னா ஆட்டம் ரத்து. நான் அடிச்சதே இல்லைன்னு ஆயிடும்!"

"குடுத்தா? அடுத்தவன் அடிச்சு கரும்புக்காட்டுல போடுவான். இல்ல ரயிலு தூக்கிட்டுப் போகும். இந்த ஒண்ணாவது என் கையில இருக்கட்டும், ஒஸ்மேல். நான்தான் பாக்கலையே."

அவன் வாயைத் திறப்பதற்குள் வரிசை முந்திக்கொண்டது. எண்பது பேர் இருக்கும் இடத்தில் எங்கள் ஆட்களுக்கு எண்ணூறு கருத்து இருக்கும்.

"ஸ்கோர் புத்தகத்துல இருந்தாத்தான் மச்சான் ஹோம்ரன்! பந்தை வெச்சுக்கிட்டு யாருகிட்டக் காட்டுவ? கடையில வாங்கினதும்பான்!"

"புத்தகத்தைக் கறையான் தின்னும். பந்தைத் தின்னுமா?"

"ஏன் தின்னாது? தோல்தானே!"

பத்து நிமிஷம் போனது. தாமாரிஸ் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, மீசையில் மண். நாளை முதல் இவனுக்கு வேலை இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"உனக்கு எது வேணும்? பந்தா, புத்தகமா?"

"புத்தகம்" என்றான், சின்னக் குரலில். "அந்தப் பூஜ்யத்தை அழிக்கணும்."

"சரி. ஆனா நானும் வருவேன். என் இடம் போயிடுமே?"

இந்த இடத்தில்தான் எங்கள் ஊரின் மேதைமை வெளிப்பட்டது. கடைக்காரர் வில்பிரேதோ தராசைத் தூக்கித் தோளில் வைத்தார். "யாரும் இடம் மாறக் கூடாது! அவங்கவங்க முன்னால இருக்கறவங்க முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க!" என்று உத்தரவு போட்டார். இரண்டு பேர் கோழிப் பெட்டிகளைக் கைவண்டியில் ஏற்றினார்கள். எண்பது பேர் கொண்ட வரிசை அப்படியே, ஒரு ஆள்கூடக் கலையாமல், மூன்று தெருவும் நடந்து மைதானத்துக்குள் நுழைந்தது. வரிசைப்படியே உட்கார்ந்தது. வில்பிரேதோ மூன்றாம் தளத்துப் பக்கம் தராசை நட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார். அரை மணிக்கு இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி.

எங்கள் அடுத்த ஆட்டக்காரன் பந்துக்குக் காயம் படாதபடி மூன்று முறையும் காற்றை வெட்டிவிட்டுத் திரும்பினான். இனி எதிரணி. முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும் அவுட். மூன்றாவது ஆள் அடித்த பந்து தரையைத் தேய்த்துக்கொண்டு எங்கே வரும்? பாசுல்த்தோவிடம்தான் வந்தது.

அள்ளினான். நிமிர்ந்தான். எறியவில்லை.

பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிரணிக்காரன் ஓடிக்கொண்டிருக்கிறான். மூவாயிரம் பேரும் கத்துகிறோம். அவன் விரல் பந்தை விடமாட்டேன் என்கிறது. ஆயிரத்து இருநூறு ஆட்டத்தில் ஒருமுறைகூட யோசிக்காத ஆள், இப்போது போய் யோசிக்கிறானே என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"எறிடா!"

தாமாரிஸின் குரல். வேலியில் ஏறி நின்றிருந்தாள், ஒரு கையில் கோழி. "எனக்கு வேணாம்டா! எறி!"

எறிந்தான். முதல் தளத்தில் நின்ற சீரோவின் கையுறைக்குள் பந்து விழுந்தபோது ஓடி வந்தவனுக்கு இன்னும் அரை எட்டு பாக்கி. செலேஸ்தீனோ முஷ்டியை உயர்த்தினார். அவுட். ஆட்டம் செல்லும். ஹோம்ரன் ஹோம்ரன்தான்.

சீரோ அந்தப் பந்தை ஒருமுறை பார்த்தான். பிறகு திரும்பி, நிதானமாக, வேலிக்கு மேலே தாமாரிஸைப் பார்த்து வீசினான். அவள் அதைக் கோழிப்பைக்குள் போட்டாள்.

செலேஸ்தீனோ கையை நீட்டினார். "பந்து?"

மூவாயிரம் பேரும் வானத்தைப் பார்த்தோம்.

"அந்த அம்மா பையில இருக்கு! நான் பாத்தேன்!" என்று தாய்ரோன் குதித்தான்.

"எந்த அம்மா?" என்றார் செலேஸ்தீனோ. கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துடைத்து, துடைத்ததைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "பந்து இல்ல. அஞ்சு இன்னிங்ஸ் கணக்காயிடுச்சு. ஆட்டம் முடிஞ்சுது. மூணுக்கு ரெண்டு."

பாசுல்த்தோ வேலிக்குப் போனான். இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பதினேழு வருஷம் பாத்தேன். ஒருநாள் கோழிக்குப் போனேன். எப்படி இருந்துச்சு? சொல்லு, எவ்வளவு உயரம் போச்சு?"

அதற்குள் சுற்றி நின்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "ஆலைப் புகைபோக்கி உயரம், தாமாரிஸ்!" "சும்மா இரு, அதுக்கும் மேல!" "பருந்து ஒண்ணு ஒதுங்கி வழி விட்டுச்சு, நான் பாத்தேன்!" அவள் யாரையும் கேட்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாசுல்த்தோ தலையைக் குனிந்துகொண்டான். கம்பி வழியாக அவள் விரலைப் பிடித்தான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான். "வேலியத் தாண்டும்னு நான் நெனைக்கவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடிட்டேன். ஊரே பாத்துது. நாம ரெண்டு பேருதான் பாக்கல."