அப்பாவிடம் இங்கிலீஷில் பேசிய மகள்

உங்கள் அம்மா ஒரு தடவை வெளிநாடு போக இருந்தாள். பெரியவளுக்கு லேசாக நினைவிருக்கலாம். சின்னவன் அப்போது என் இடுப்பை விட்டு இறங்காத வயசு. நான் பத்தாவதோடு நின்றவன், எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நாளைக்கு நீங்களும் படித்து முடித்து வேலை தேடுவீர்கள். அன்றைக்கு உங்களையும் ஒருத்தன் மரியாதையாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைப்பான். அதற்கு முன்னால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். நான் இப்போது போலவே லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், எது கிடைத்தாலும் திருச்சிக்கு ஏற்றுவேன். அம்மாவோடு அதே பள்ளியில் இன்னொரு டீச்சரும் இருந்தாள். உடையார்பாளையம் பக்கத்துப் பெண், கல்யாணம் ஆகாதவள், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டவுன் பஸ் ஏறி சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பிரிவார்கள்.

அந்தத் தோழிதான் முதலில் போனாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்தவன் அனுப்பினான். தாய்லாந்தில் பெரிய பள்ளிக்கூடமாம், சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அவள் போன வாரமே அவள் ஊர் நிறுத்தத்தில் அவள் படம் போட்டு வாழ்த்து பேனர் கட்டினான், அவன் செலவிலேயே. ஊர்க்காரர்கள் அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு அவன் மாடிப்படி ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நாங்களும் ஏறினோம்.

அவன் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு மேடம், எனக்கு அண்ணன். விசா அடிக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கி மேஜைக்குள் வைத்தான். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள்.

"அங்க போய் எறங்குனதும் மாத்திக்கலாம் மேடம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க. உங்க பிரண்ட வேணா கேட்டுப் பாருங்க."

பிறகு கம்ப்யூட்டரில் வீடியோ போட்டு இன்டர்வியூ நடந்தது. சின்னவன் அழுது கெடுத்துவிடுவானோ என்று அவனைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வராந்தாவில் நடந்தேன். கொஞ்ச நேரத்திலேயே அம்மா வந்துவிட்டாள். செலக்ட் ஆகிவிட்டதாகச் சொன்னாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

வண்டியில் வரும்போது, "ஒரு டெமோ கிளாஸ்கூட எடுக்கச் சொல்லலைங்க," என்றாள்.

"அதனால என்ன?"

"ரெண்டு ரூம்ல நடக்குற பள்ளிக்கூடம்கூட டெமோ பாக்காம டீச்சர சேக்காது. இவங்க டைப்பிங் எவ்வளவு வேகம்னு கேக்குறாங்க. ஒரே நேரத்துல நாலு பேரோட சாட் பண்ணுவீங்களான்னு கேக்குறாங்க. ராத்திரி முழிச்சு வேலை பாப்பீங்களாங்குறாங்க. எந்தப் பள்ளிக்கூடம் ராத்திரி நடக்குது?"

"நீ படிச்சவ. எங்கிட்ட கேட்டா? லாரி ஷெட்டு வேணா ராத்திரி நடக்கும்."

அவள் சிரிக்கவில்லை. தோழியிடமே கேட்டுவிடுவது என்று அன்று சாயங்காலமே போன் போட்டாள். அது போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் தோழியே அங்கிருந்து கூப்பிட்டாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அந்தப் பெண் இங்கிலீஷில் பேசினாள். அம்மாவும் அவளும் அதுவரை ஒரு நாளும் இங்கிலீஷில் பேசிக்கொண்டதில்லை. கிளாஸை விட்டு வெளியே வந்தால் இருவருக்கும் தமிழ்தான், அதுவும் நம்ம ஊர்த் தமிழ். அம்மா திகைத்துப் போய், "ஏண்டி, எங்கிட்ட என்னத்துக்கு இங்கிலீசு?" என்று கேட்டாள். இங்கே இங்கிலீஷ் மட்டும்தான், அது ரூல் என்று அதையும் இங்கிலீஷிலேயே சொன்னாள். வேலை நல்ல வேலை, சாப்பாடு நல்ல சாப்பாடு, சீக்கிரம் வந்து சேர் என்றாள். அம்மா ஒவ்வொன்றாக எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று நான் காது கொடுத்தேன். பள்ளிக்கூடத்து மத்தியானம் என்றால் தெருமுனைக்குக் கேட்குமே. அங்கே ஏகப்பட்ட கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு ஆண் குரல் எதையோ அதட்டியது.

வைக்கும் முன்னால் அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். கிளம்பும் முன்னால் புதன்கிழமை சிறுவாச்சூர் போய்க் கும்பிட்டுவிட்டு வா, நானும் புதன்கிழமைதான் போய்விட்டு வந்தேன் என்றாள். போன் கட்டாகிவிட்டது.

அம்மா போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"சாமி கும்புட்டுட்டு வான்னுதானே சொல்லுது," என்றேன்.

"புதன்கெழமைன்னு சொல்றா."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். நம் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. புதன்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

"வெளிநாட்டுல இருக்குது. கெழம மறந்திருக்கும்," என்றேன். நானே அதை நம்பவில்லை.

"எல்லா வெள்ளிக்கெழமையும் எங்கூட பஸ் ஏறுனவ. மறக்க மாட்டா. அவ பக்கத்துல யாரோ நிக்கிறாங்க. அவங்களுக்கு இந்த ஊரு தெரியாது. நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒன்னச் சொல்லிட்டு வச்சுட்டா."

மறுநாள் லோடு வண்டியிலேயே உடையார்பாளையம் போனோம். தோழியின் அப்பா முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். மகளோடு வேலை பார்த்த டீச்சர் என்றதும் கூட்டுமாறைப் போட்டுவிட்டு, டீக்கடைக்குப் போகலாம் என்று எங்களை இழுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

"உங்களோட பேசுறாளா அப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"வாராவாரம் பேசுது பாப்பா. ஆனா தமிழே வரமாட்டேங்குது இப்ப. எல்லாம் இங்கிலீசு."

"உங்ககிட்டயுமா?"

"எங்கிட்டயுந்தான். எனக்கு என்னத்தப் புரியுது? எஸ் எஸ்ங்கிறேன். டீக்கடையில ஸ்பீக்கர்ல போடுவேன். மொத்தக் கடையும் அமைதியாயிரும். 'யோவ், ஒம்மவ தொர மாதிரி பேசுதுய்யா'ங்கிறானுவ." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போன வருசம் வரைக்கும் என்னைய 'யப்போ'ன்னு கூப்புடும். இப்ப டாடிங்குது."

தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாத அப்பாவிடம் ஒரு பெண் வாரம் தவறாமல் இங்கிலீஷில் பேசியிருக்கிறாள். ஊரே உட்கார்ந்து அதைப் பெருமையாகக் கேட்டிருக்கிறது. இங்கிலீஷ் என்றால் நல்லபடியாக இருக்கிறாள் என்று அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். அங்கே இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அவர் போனில் பேசுவதெல்லாம் தானாகவே ரெக்கார்டு ஆகிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது. அம்மா தோப்பு வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதோ நாலாவதோ கேட்கும்போது, குரல் வருவதற்கு முன்னாலேயே அம்மாவின் உதடு அடுத்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தது.

"எல்லாத்துலயும் ஒரே வரிதாங்க," என்றாள் என்னிடம். "ஒரே வரிசை. நிறுத்துற எடங்கூட மாறல. பேசுற பிள்ளை எப்படிப் பேசும், பாத்து வாசிக்கிற பிள்ளை எப்படி வாசிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெனம் அத கேட்டுட்டுத்தானே சம்பளம் வாங்குறேன்."

கடைசி ரெக்கார்டில் அவர் நடுவில் புகுந்து, மகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரியே, சாப்பிட்டியா ஆயி என்று கேட்கிறார். அந்தப் பக்கம் வாசிப்பு நின்றுபோகிறது. பிறகு 'ம்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி இங்கிலீஷ் தொடங்கிவிடுகிறது.

அவரிடம் யார் சொல்வது? நான் வண்டியைத் திருப்புகிற சாக்கில் எழுந்துவிட்டேன். அம்மாதான் சொன்னாள். "இது அவளா பேசல அப்பா. எழுதிக் குடுத்தத வாசிக்கிறா. அவ நல்லா இல்ல." அவர் போனை வாங்கி, திரையைத் துண்டால் துடைத்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். மனுவை வாங்கியவர் பொறுமையாகக் கேட்டார். இந்த மாதிரி ஆள் அனுப்புகிறவன் அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டும், இவன் பெயர் அதில் இல்லை, முதலில் உங்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குங்கள் என்றார். வாங்குவது எப்படி? அம்மா மாடியேறிக் கேட்டாள். ஏர்போர்ட் வாசலில் கையில் தருகிறேன் மேடம் என்று அவன் அதே மரியாதையோடு சொன்னான்.

"எந்த வகுப்புக்கு எடுக்கணும் சார்? புக்கு எது?"

"அதெல்லாம் அங்க சொல்லுவாங்க. உங்க பிரண்டு உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க. நீங்க வரலைன்னா அவங்களுக்குத்தான் சிரமம்."

அந்தக் கடைசி வரியை அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். போனால் இவளும் மாட்டுவாள். போகாவிட்டால் அங்கே அவளை என்ன செய்வார்களோ. அந்த வாரம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சமயம், "போய் அவளக் கூட்டிட்டு வந்துரவா?" என்றுகூடக் கேட்டாள். பூட்டின கோயிலைச் சொன்னவள் உன்னை வரவா சொன்னாள் என்று நான் கேட்டேன். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் வேன் நம் தெருமுனைக்கு வந்தது. பெட்டியோடு நின்ற அம்மா, பாஸ்போர்ட்டில் கையெழுத்து சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்கிறேன், கொடுங்கள் என்று கேட்டாள். வண்டி ஏறப்போகிறவள்தானே என்று அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டாள்.

வேனுக்குள் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஜெயங்கொண்டம் பக்கமாம். அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அங்க பள்ளிக்கூடமே இல்ல, போகாதீங்க என்றாள். அந்தப் பெண் பையனைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"அக்காவ வூட்டுல வுடல போலருக்கு," என்றான்.

அனுப்புகிறவன் கோபப்படவே இல்லை. "உங்க பிரண்ட நெனச்சுப் பாருங்க மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். வேன் திருச்சி ரோட்டில் ஏறியது. நான் வண்டி நம்பரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்த இரண்டு பேரையும் ஏர்போர்ட்டிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். மாடி ஆபீசில் இப்போது வேறு ஏதோ கடை இருக்கிறது. அவன் வேறு ஊரில், வேறு மாடியில் உட்கார்ந்திருப்பான்.

தோழியின் நம்பர் அன்றிலிருந்து உபயோகத்தில் இல்லை. அவளைப் போல வேலைக்கென்று போய், கம்ப்யூட்டரில் ஆட்களை ஏமாற்றுகிற மோசடிக் கூடங்களில் மாட்டிக்கொண்ட சிலரை அரசாங்கம் மீட்டு வந்ததாக டிவியில் காட்டும்போதெல்லாம் அம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். இன்னும் அந்த முகம் வரவில்லை.

போன மாதம் உடையார்பாளையம் போயிருந்தேன். தோழியின் அப்பாவோடு தோப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனியாகத்தான் இருக்கும். அவர் எடுத்து, அந்தப் பக்கம் வாயைத் திறப்பதற்குள், தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தமிழ்ல பேசு ஆயி. அப்பாதான் கேக்குறேன். தமிழ்ல பேசு."