அந்த ரூமுக்கு வெந்நீர்

அருணாதேவி யாரையும் அதட்டிப் பேசமாட்டாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்தச் சின்ன விடுதிக்கு அவள் மேனேஜராக வந்த பிறகு அங்கே குரல் உயர்ந்ததே இல்லை. அறை காலி இல்லை என்று அவள் சொன்னால்கூட, கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் போவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பெரிய சம்பளமா வாங்குகிறாள்?

பிறந்தது தண்டராம்பட்டுப் பக்கம், பயிர் செய்கிற குடும்பம். அந்த வீட்டில் வாயைத் திறக்குமுன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். விளக்கை 'அணை' என்று சொல்லக்கூடாது, 'மலையேத்து' என்று சொல்ல வேண்டும். உப்பு தீர்ந்துபோனால் 'நிறைஞ்சிருக்கு'. 'போறேன்' என்றால், 'போயிட்டு வரேன்' என்று திருத்திச் சொல்லும்வரை வாசலைத் தாண்ட முடியாது. இப்படி வளர்ந்தவள் பி.காம். படித்தாள், கம்ப்யூட்டரில் பில் போட்டாள், வெளிநாட்டுக்காரர்களோடு தாராளமாக இங்கிலீஷ் பேசினாள். ஆனால் நாக்கு மட்டும் தண்டராம்பட்டை விட்டுக் கிளம்பவே இல்லை.

விடுதி முதலாளி மூர்த்திக்குப் பக்தி ஜாஸ்தி. அறைகளுக்கு நம்பர் எதற்கு என்று, மலையைச் சுற்றி எட்டுத் திசையிலும் இருக்கும் லிங்கங்களின் பெயரை வைத்துவிட்டார். கீழே வாசலிலிருந்து வரிசையாக இந்திரன், அக்னி, யமன், நிருதி. மிச்ச நாலும் மாடியில். கிரிவலம் வருகிறவர்கள் யமலிங்கத்தின் முன்னால் நின்று ஆயுளைக் கேட்டுக் கும்பிடுவதெல்லாம் சரிதான். அதற்காகக் காலங்கார்த்தாலே இன்டர்காமில் "எமனுக்கு ஒரு டீ", "எமன் எழுந்துட்டாரா பாரு" என்று எந்த வாயால் சொல்வது? அருணாதேவி சொல்லவில்லை. "மூணாவது ரூம்" என்பாள். யமன் தெற்குத் திசைக்காரன் என்பதால் சில நாள் "தெக்கு ரூம்" என்பாள். அவசரமென்றால் வெறும் "அந்த ரூம்".

மறுமுனையில், விடுதியின் பின்பக்கச் சமையலறையில், ஆதிலட்சுமி இருப்பாள். அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வருகிறவள், ஐம்பது வயதைத் தாண்டியவள். அறைகளுக்கு டீ, வெந்நீர், துண்டு எல்லாம் அவள் கையால்தான் போகும். "எந்த ரூமுங்க மேடம்?" என்று கேட்பாள். அருணாதேவி பொறுமை இழக்காமல், கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி, "அதாங்க்கா, மூணாவது ரூம்" என்பாள். திரும்பவும், "எந்த ரூமுங்க?"

வெந்நீர் அக்னிக்குப் போகும். யமனில் தங்கியிருந்த வயதான அம்மாள் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் விடியற்காலையில் பெங்களூர் பஸ்ஸுக்கு எழுப்பச் சொன்னவர் யமனில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நிருதியில் தூங்கிய புதுமணத் தம்பதியின் கதவு தட்டப்பட்டது. பஸ் போய்விட்டது. ஊரே கேட்கும்படி அவர் கத்திவிட்டுப் போனார்.

மூர்த்தி அருணாதேவியைக் கூப்பிட்டார். "பிரச்சன இன்னாம்மா? ஒரே வரியில சொல்லு."

"ஆதிக்காவுக்குக் காது சரியா கேக்கல சார். எதச் சொன்னாலும் ரெண்டு தடவ கேக்கறாங்க. வயசாயிடுச்சில்ல, பாவம்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்த வேண்டாம் என்று அவளே பரிந்து பேசி, மொட்டைமாடியில் துணி துவைத்துக் காயப்போடுகிற வேலைக்கு மாற்றினாள். ஆதிலட்சுமியிடமும் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். ஆதிலட்சுமி எதிர்த்துப் பேசவில்லை. "அப்பிடிங்களா மேடம்? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அவள் இடத்துக்குக் கீர்த்தனா வந்தாள். சின்ன வயசு, பாம்புச் செவி. வந்த வாரத்திலேயே யமனுக்குப் போக வேண்டிய டீ அக்னிக்குப் போயிற்று. அருணாதேவி இன்டர்காமை எடுத்து, "அந்த ரூமுக்குத்தானே சொன்னேன்" என்றாள்.

"எந்த ரூம்க்கா?" என்றாள் கீர்த்தனா.

'உனக்கும் காது கேக்கலயா' என்று சொல்ல வாயெடுத்தவள் இன்டர்காமை வைத்துவிட்டாள். அன்று மாலை மூர்த்தியும் வந்து நின்றார். "ஆள மாத்தினோம், தப்பு மாறலியேம்மா. வேற இன்னா பிரச்சன?"

இந்தத் தடவை ஒரு வரி கிடைக்கவில்லை. யார் தப்பு செய்தார்கள் என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, எந்த அறைக்குப் போக வேண்டியவை வழி தவறின என்று யோசித்தாள். குபேரன் அறைக்குச் சொன்னது ஒருநாளும் தவறியதில்லை. குபேரன் பேரைச் சொல்ல யாருக்குக் கசக்கும்? தவறியதெல்லாம் ஒரே ஓர் அறைக்குச் சொன்னது. எழுந்து பின்பக்கம் போய், சமையலறை வாசலிலிருந்து அறைகளை எண்ணிக்கொண்டு நடந்தாள். முதலில் நிருதி, அடுத்தது யமன், மூன்றாவது அக்னி. கட்டடத்தின் தெற்குக் கோடியில் இருப்பதும் நிருதிதான். 'அந்த ரூம்' என்பது எங்கே இருக்கிறது என்று அந்த அண்ணாமலையாருக்கே தெரியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் அதற்கும் ஒரு படி மேலே போய், பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் ஆதிலட்சுமி திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படிக் கேட்டதையே செவிடு என்பதற்குச் சாட்சியாக்கியாயிற்று. நினைக்க நினைக்க அருணாதேவிக்கு உடம்பு கூசியது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்றல்லவா சொன்னோம் என்று குமைந்தாள்.

மறுநாள் காலையில் இன்டர்காமை எடுத்து, "எமன் ரூமுக்கு வெந்நீர்" என்றாள். "சரிக்கா" என்றாள் கீர்த்தனா. அவ்வளவுதான். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆதிலட்சுமியைத் திரும்பக் கூப்பிட வேண்டும். எப்படி? மாடிப்படி ஏறும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். 'கீழ ஆள் பத்தலக்கா, வந்துடுங்க' என்று சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. மேனேஜர் மரியாதையும் கெடாது.

ஆதிலட்சுமி முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆதிக்கா" என்று வாய்க்குள்ளேயே கூப்பிட்டாள் அருணாதேவி. அவள் சட்டென்று திரும்பினாள்.

"வாங்க மேடம். உங்கள நெனச்சுனே இருந்தேன். நல்லவேள, நீங்க எடுத்துச் சொன்னீங்க. இல்லன்னா பஸ்ஸு வர்ற சத்தம் கேக்காம என்னிக்கோ அடிபட்டிருப்பேன். இப்பல்லாம் ஒத்தையில ரோட்ட தாண்டறதே இல்ல. யாரு கையயாவது புடிச்சினுதான் தாண்டறேன்."

ஆதிலட்சுமி வாளியிலிருந்து அடுத்த போர்வையை எடுத்தாள்.

"மெட்ராஸ்ல இருக்குதே எம்பொண்ணு மணிமொழி, அதுங்கூட போன்ல பேசறதயும் கம்மி பண்ணிட்டேன் மேடம். எனக்கோசரம் கத்திக் கத்தி அதுக்குத் தொண்ட நோவுது."

தயார் செய்து வைத்திருந்த பொய் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "உங்க காதுல ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "நான்தான் ரூம் பேர ஒழுங்கா சொல்லல. எமன்னு சொல்ல வாய் கூசுச்சு. அதுஇதுன்னு மாத்தி மாத்திச் சொல்லிட்டு, பழிய உங்க மேல போட்டுட்டேன். தப்பு என்னுதுக்கா."

ஆதிலட்சுமியின் கையிலிருந்த ஈரப் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இத்தினி நாளும் எனக்குக் கேட்டுனுதான் இருந்துச்சா?"

"கேட்டுச்சுக்கா."

ஆதிலட்சுமி போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, மகளின் படத்தை அழுத்தி நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா நம்பாது. 'மேடமே சொல்லிட்டாங்க, உங்கம்மா செவிடு'ன்னு நாந்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

அருணாதேவி போனைக் காதில் வைத்தாள். மணி அடித்தது. மறுமுனையில் எடுத்ததும் மணிமொழி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அம்மா! நான் பேசறது கேக்குதாம்மா? கேக்குதா?"

காது வலித்தது. ஆனாலும் அருணாதேவி போனை விலக்கவில்லை.