‘ஹீ’ என்றால் யார்?

லின் மறுபடியும் ஃபெயில்.

போன வியாழக்கிழமை மத்தியானம் கடிதத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இது மூன்றாவது தடவை. அவர் அழவில்லை. ஆத்திரம் வந்தது எனக்குத்தான். ஆங்கிலத்தின் மேல்... பரீட்சையின் மேல்... கொஞ்சம் லின் மேலும்.

லின் யார்? தென்சீனாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவர். இப்போது கனடாவில், ஸ்காபரோவில், நான் வேலை செய்யும் பிளாஸ்ரிக் ஃபக்ரரியில், எனக்குப் பக்கத்தில் நின்று மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிறார். இங்கே நர்ஸாக வேண்டுமென்றால் முதலில் ஓர் ஆங்கிலப் பரீட்சை. கோடிட்ட இடத்தை நிரப்பு, பிழையைக் கண்டுபிடி, கடைசியில் ஒரு ரேப் ரெக்கோடரைப் பார்த்துப் பேசு.

இந்த வருடத் தொடக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறீர்கள். உங்களுக்கு கிராமர் தெரியும்” என்றார்.

“அது தமிழ்ப் பத்திரிகை” என்றேன்.

“பத்திரிகை பத்திரிகைதான்.”

அன்றோடு போயிற்று என் அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவனுக்கு நாள் முழுக்கக் கிடைக்கிற ஒரே நிம்மதி அதுதான்.

சொற்கள் அவருக்குப் பிரச்சினையே இல்லை. ஏப்ரன் பையில் ஒரு கட்டு அட்டைகள் வைத்திருப்பார். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனம். ‘யுபிக்விற்றஸ்’ என்பார். எனக்கு அர்த்தம் தெரியாது. எங்கும் நிறைந்திருப்பது என்று அவர்தான் எனக்குச் சொல்லித்தருவார்.

ஆனால் வினைச்சொல்? அங்கேதான் எங்கள் சண்டை.

“யெஸ்ரடே ஐ கோ டொக்ரர்” என்பார். “கோ இல்லை, வென்ற்” என்பேன். உடனே கேட்பார்: “நேற்று என்று சொல்லிவிட்டேனே. பிறகு எதற்கு வினைச்சொல்லிலும் அதையே சொல்ல வேண்டும்?” சீனத்தில் வினைச்சொல் நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரித்தான் இருக்குமாம். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது மனிதன் என்ன செய்வான்? எரிந்து விழுவான். நானும் விழுந்தேன்.

அதைவிட மோசம் ஹீயும் ஷீயும். சீனத்தில் பேசும்போது இரண்டுக்கும் ஒரே ஓசை. ஆகவே மகளைப் பற்றிச் சொன்னால் “ஹீ இஸ் நைன் இயர்ஸ் ஓல்ட்”. லொறி ஓட்டும் கணவரைப் பற்றிச் சொன்னால் “ஷீ டிரைவ் ரக்”. நாங்களும் ‘அவர் வந்தார்’ என்று சொல்லிவிட்டு, வந்தது ஆணா பெண்ணா என்று சொல்லாமலே விடுகிற ஆட்கள்தானே... ஆனால் அந்தப் பொறுமை எனக்கு அப்போது வரவில்லை. “லின், மகள் என்றால் ஷீ. ஷீ. ஷீ.” லஞ்ச் ரூம் முழுக்கக் கேட்கும். பக்கத்து மேசையில் எங்கள் சுப்பவைசர் சிரித்தபடி சாண்ட்விச் சாப்பிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்களோடு வேலை செய்யும் வசந்தியின் விரல் மெஷினுக்குள் நசிந்தது.

மூடி ஒன்று சிக்கி மெஷின் நின்றிருந்தது. அவர் கையை உள்ளே விட்டு எடுக்கும்போது திடீரென்று ஓடியது. சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தபோது, லின் அவரைத் தரையில் இருத்தி, கையை உயர்த்திப் பிடித்து, துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். பதற்றமே இல்லை. அம்புலன்ஸில் வந்தவர்கள்கூட அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை.

அடுத்த நாள் மனேஜர் எழுதிய அறிக்கை என்ன சொன்னது? வசந்தி தானே பட்டனை அழுத்திவிட்டார், கவனக்குறைவு என்று. வேலையும் போகும் என்று பேச்சு.

வசந்தி எனக்குப் போன் எடுத்தார். “அண்ணை, ஒரு கையை உள்ளுக்கை விட்டுக்கொண்டு மற்றக் கையாலை நானே அமத்துவனோ? ஆர் அமத்தினதெண்டு நான் காணேல்லை. ஆனா நான் அமத்தேல்லை.”

கண்டது லின் ஒருவர்தான். மனேஜரிடம் போய், “ஹீ புஷ் பட்டன்” என்றார். சுப்பவைசரைத்தான் சொன்னார்.

மனேஜர் சொன்ன பதிலைக் கேளுங்கள். “நீ உன் மகளையே ஹீ என்கிறவள். லஞ்ச் ரூமில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படியென்றால் இந்த ஹீ வசந்திதான். அதோடு, புஷ் என்றால் என்ன? வழக்கமாக அழுத்துவதா, அன்றைக்கு அழுத்தியதா?”

லின் வந்து இதைச் சொன்னபோது நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். லஞ்ச் ரூம் முழுக்க அதைக் கேட்க வைத்தது யார்? நான்தான்.

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வருவதாக இருந்தது. வியாழன் மத்தியானம் நாங்கள் பார்க்கிங் லொட்டில் நின்று இரண்டே இரண்டு வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். பத்தாவது தடவையிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. “லின், புஷ் இல்லை, புஷ்ட். அந்த ‘ட்’ எங்கே போய்த் தொலைகிறது?”

முதல் தடவையாக அவர் என்னிடம் குரலை உயர்த்தினார். “பிழை என் வாயில். என் கண்ணில் இல்லை. நான் பார்த்தேன்.”

“சரி, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்றேன், குரலைத் தாழ்த்தி.

வெள்ளிக்கிழமை வசந்திக்கு மொழிபெயர்க்க என்னையும் ஒஃபிசுக்குள் கூப்பிட்டார்கள். மனேஜரும் சுப்பவைசரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். லின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “த சுப்பவைசர் புஷ்ட் த பட்டன். வசந்தீஸ் ஹாண்ட் வோஸ் இன்சைட்.” அந்த ‘ட்’ மேசையில் குட்டியதுபோல் விழுந்தது.

வந்திருந்த அதிகாரி ஒரு பெண். “பிறகு சுப்பவைசர் என்ன செய்தார்?” என்று கேட்டார்.

இது நாங்கள் படிக்காத கேள்வி.

“ஷீ ரன் அவே” என்றார் லின்.

மனேஜரின் முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

லின் கண்ணை மூடித் திறந்தார். எழுந்துபோய்ச் சுப்பவைசருக்கு நேர் முன்னால் நின்றார். “சொறி. ஹீ. திஸ் மான். திஸ் மான் புஷ்ட். திஸ் மான் ரான் அவே. ஐ ஸ்ரேய்ட்.” ஓடியவர் அவர், நின்றவர் லின்.

அதிகாரி சுப்பவைசரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நிலத்தைப் பார்த்தார். பிறகு, உள்ளே கை இருந்தது தனக்குத் தெரியாது என்றும், இரத்தத்தைக் கண்டதும் பயந்துபோனதாகவும் மெல்லச் சொன்னார்.

அறிக்கையை மாற்றி எழுதினார்கள். மெஷினுக்குப் புதிதாக ஒரு கதவு பூட்டியிருக்கிறார்கள். அது திறந்திருந்தால் மெஷின் ஓடாது. இந்தத் திங்கட்கிழமை வசந்தி வேலைக்குத் திரும்பினார். வந்ததும் லின்னின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை” என்று தமிழிலேயே சொன்னார். லின் தலையாட்டினார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. விளங்காமலா இருந்திருக்கும்?

அந்த விசாரணைக்கு அடுத்த நாள்தான் லின்னுக்குப் பரீட்சை. பேச்சில் பாஸ். கோடிட்ட இடங்கள் கவிழ்த்துவிட்டன. ஓடுகிற இரத்தத்தை நிறுத்தத் தெரிந்த ஒரு பெண், கோட்டில் ‘எ’ வருமா ‘த’ வருமா என்று தெரியாததால் மூடி அடுக்கிக்கொண்டிருக்கிறார்... இதை யாரிடம் போய்ச் சொல்லி எரிச்சல்படுவது?

நாலாவது தடவைக்குப் படிவம் அனுப்பிவிட்டார். நானும் இடைவேளையைக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பிள்ளைகள் உங்கள் ஆங்கிலத்தைத் திருத்துவார்கள். நீங்களும் எங்கேயோ யாரையோ திருத்திக்கொண்டுதான் இருப்பீர்கள். தாராளமாகத் திருத்துங்கள் — பக்கத்து மேசைக்குக் கேட்காமல்.